கொடிக் கம்பில் இரண்டு கை

பிள்ளைகளே, உங்கள் ரீத்தா டீச்சர் என் மகள். போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு தாளை என் முன்னால் போட்டாள். இந்த வருஷம் துறைமுகத்தில் நடக்கப்போகிற விளையாட்டுப் போட்டிக்காக அச்சடித்த விதித்தாள் அது. அதில் துணைக்கட்டை வள்ளப் போட்டிக்கு ஒன்பது விதிகள் போட்டிருக்கிறது. ஏழாவது விதி இது:

'திருப்பு மிதவையில் நிற்கும் நடுவரின் லாஞ்சு நங்கூரம் போட்டு, எஞ்சினை அணைத்து நிற்க வேண்டும். நடுவர் கொடிக் கம்பை இரண்டு கைகளாலும் பிடித்திருக்க வேண்டும்.'

"அப்பா, இத வாசிச்சதும் வகுப்பே சிரிக்குது. கொடி என்ன கல்லா, ரெண்டு கையால பிடிக்கன்னு ஒருத்தன் கேக்கான். அந்தக் காலத்துல மிதவையில நின்னது நீங்கதான? பிள்ளைகளுக்கு எழுதிக் குடுங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நாற்பது வருஷம் ஆகப்போகிறது. விதி இன்னும் அப்படியே அச்சாகிறது. யாரால் வந்தது, எதற்கு வந்தது என்று அதில் இல்லை. நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் டீச்சர் திருத்திக்கொள்வாள். நடந்ததை மட்டும் அவள் திருத்த வேண்டாம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது துறைமுக லாஞ்சில் லஸ்கராகச் சேர்ந்தேன். லஸ்கர் என்றால் லாஞ்சில் கயிறு பிடிக்கிற ஆள். அப்போது நம் ஊரில் கப்பல் கரைக்கு வராது. தூரக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள்தான் போய்ச் சரக்கு இறக்கி ஏற்றும். அந்தத் தோணிகளை இழுத்துப் போகிற எஞ்சின் படகுதான் எங்கள் லாஞ்சு. முதல் நாலு வருஷம் நான் செய்ததெல்லாம் கயிறு சுருட்டியதும், தளம் கழுவியதும், வாந்தி எடுத்ததும்தான். அதைச் சொல்ல ஒன்றுமில்லை.

எங்களுக்கு மேலே இருந்த அதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராமசுப்பு சார் என்று பெயர். ஒல்லியான மனிதர். சத்தம் போட மாட்டார். காதில் எப்போதும் ஒரு கட்டைப் பென்சில் செருகியிருக்கும். கடலில் என்ன நடந்தாலும், கயிறு அறுந்தாலும் சரி, ஆளுக்குக் காயம் பட்டாலும் சரி, சம்பந்தப்பட்டவனை முன்னால் நிறுத்தி மூன்றே கேள்விதான் கேட்பார்.

"எங்க நின்னே? என்ன பார்த்தே? உன் கை எங்க இருந்தது?"

இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் எல்லாரும் பயப்படுவோம். எங்கே நின்றேன் என்று பொய் சொல்லலாம். என்ன பார்த்தேன் என்றும் மாற்றிச் சொல்லலாம். கையைக் கேட்டதும் எவனுக்கும் நாக்கு குழறிவிடும். ஒரு தடவை இழுவைக் கயிறு நழுவி ஒரு உப்புத் தோணி தனியாக மிதந்து போனது. கயிற்றடியில் நின்றவன் நான்.

"கை எங்க இருந்தது?"

"இடுப்புல சார்."

"எதுக்கு?"

"அரிச்சிது சார்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சார் சிரிக்கவில்லை. காதிலிருந்து பென்சிலை எடுத்து, "கை இடுப்பில். காரணம் அரிப்பு" என்று எழுதிக்கொண்டார். அடுத்த மாதமே என்னை முன்தளத்துக்கு மாற்றினார். "உண்மையச் சொல்லுதவன் முன்னால நிக்கட்டும்" என்று மட்டும் சொன்னாராம். அன்றிலிருந்து எனக்குள் ஒரு பெருமை ஏறிக்கொண்டது. நான் உண்மை சொல்கிறவன் என்ற பெருமை.

யுத்தம் முடிந்த பிறகு கரையோர ஊர்களையெல்லாம் சேர்த்து வருஷா வருஷம் ஒரு விளையாட்டுப் போட்டி வைக்க ஆரம்பித்தார்கள். ஓட்டம், சடுகுடு, கயிறு இழுப்பு, நீச்சல், கடைசியாக வள்ளப் போட்டி. போட்டிக்காக ஐந்து வள்ளங்களை ஒரே அளவில் செய்திருந்தார்கள். நீங்கள் இப்போது பைபரில் பார்ப்பதுதான், அப்போது மரத்தில். ஒடுக்கமான வள்ளம். இடப்பக்கம் இரண்டு வளைந்த கம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் நுனியில் ஒரு மிதக்கிற கட்டை வள்ளத்துக்கு இணையாகக் கட்டியிருக்கும். அதுதான் துணைக்கட்டை. அது தண்ணீரில் படிந்திருக்கும்வரை வள்ளம் கவிழாது. கட்டை மேலே எழும்பினால் அவ்வளவுதான்.

இந்த மாதிரி வள்ளத்தில் பாய் கட்டி ஓடுகிறவர்கள் காற்றை ஆளை வைத்து அளப்பார்கள். காற்று கொஞ்சம் பலத்தால் கட்டை எழும்பும். உடனே ஒருவன் கம்பில் நடந்துபோய்க் கட்டையின்மேல் நிற்பான். அது ஓராள் காற்று. இன்னும் பலத்தால் இரண்டு பேர். அது ஈராள் காற்று. எழும்பினால் போவது என்பது அவர்கள் யோசித்துச் செய்கிற காரியமில்லை. நாம் தும்மல் வந்தால் முகத்தைத் திருப்புகிறோமே, அந்த மாதிரி.

போட்டி விதிகளை ராமசுப்பு சார்தான் எழுதினார். நாலு பேர் துடுப்பு, பாய் கிடையாது. முயல் தீவுப் பக்கம் போட்ட மிதவையை இடப்பக்கமாகச் சுற்றி, தோணிகள் அணைகிற துறைமுகப் பாலத்துக்குத் திரும்ப வேண்டும். மிதவையில் வள்ளம் உரசக்கூடாது. நாலாவது விதி: புறப்பட்டதிலிருந்து முடியும்வரை எவனும் தன் இருப்பிடத்தை விட்டு எழும்பக்கூடாது. அந்த விதிக்குக் காரணம் உண்டு. முதல் வருஷப் போட்டியில் ஒருவன் பாதி வழியில் பக்கத்து வள்ளத்துக்குத் தாவி, அதிலிருந்தவனை அடித்துவிட்டான். கல்யாணத்தில் யாருக்கு முதல் பந்தி என்ற பழைய சண்டை.

அதற்கு அடுத்த வருஷம் பரிசோடு இன்னொன்றும் இருந்தது. லாஞ்சில் ஒரு லஸ்கர் இடம் காலியாக இருந்தது. நிரந்தர வேலை. சார் விண்ணப்பம் வாங்கவில்லை. "தண்ணியில பார்த்து எடுத்துக்கிடுதேன். ஜெயிக்கிற வள்ளத்தோட தலைவன் திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடட்டும்" என்று சொல்லிவிட்டார்.

நம் ஊர் வள்ளத்துக்குத் தலைவன் மிக்கேல். என் தங்கை லூர்துவின் புருஷன். முத்துக்குளிப்பு நடக்காமல் கிடந்த காலம் அது. மிக்கேல் சங்கு குளிக்கிறவன். சின்ன வயதில் இலங்கைக் கரையில் துணைக்கட்டை வள்ளத்தில் ஓடினவன். ஆழத்தில் முங்கி முங்கி அவன் இடது காது கிழிந்து, சீழும் ரத்தமும் வடிந்து, அந்தக் காது செத்துவிட்டது. "இனி முங்கினால் மற்ற காதும் போய்விடும்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூன்றாவது வயிற்றில். முங்குவதைத் தவிர அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

போட்டிக்கு முந்தின நாள் லூர்து என்னிடம் சொன்னாள்: "அண்ணே, ஒங்க லாஞ்சுக்கு வந்துட்டார்னா அந்த மனுசன் காதோட வீட்டுக்கு வருவாரு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

மிதவை நடுவராக என்னைத்தான் போட்டார் சார். "அவன் மச்சினனாச்சே" என்று யாரோ சொன்னதற்கு, "அதனாலதான்" என்றாராம்.

போட்டி நாள் காலை. நான் லாஞ்சின் முன்தளத்தில் சிவப்புக் கொடியோடு நின்றேன். எஞ்சின் டிரைவர் காசிம் பாய் கீழே இருந்தார். காயல்பட்டினத்துக்காரர். வள்ளங்கள் திரும்பியதும் பின்னாலேயே போக வேண்டும் என்பதால் நங்கூரம் போடாமல், எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மிதவைக்கு இடப்பக்கம் நின்றோம். காற்றே இல்லை. தீவு மறைவில் தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடந்தது.

ஐந்து வள்ளங்களும் வந்தன. மிக்கேல் வள்ளம் முன்னால். இரண்டு வள்ள நீளம் பின்னால் குலசேகரன்பட்டினத்து வள்ளம். மிக்கேல் மூன்றாவது இருப்பிடத்தில், பின்கம்புக்குப் பக்கத்தில் இருந்து குரல் கொடுத்துக்கொண்டு வந்தான். "ஏலே, வலி! ஏலே, வலி! செத்தவன் மாதிரி வலிக்காதல!" அவன் ஜெயிக்க வேண்டும் என்று ஆசை. நான் அவனுக்குச் சலுகை காட்டினேன் என்று ஒருவரும் சொல்லிவிடக்கூடாது என்ற ஆசை அதைவிடப் பெரிது. இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது. அவன் வள்ளம் மிதவையில் உரசுகிறதா இல்லையா என்று சரியாகத் தெரியவில்லை. நான் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன்.

அப்போது துணைக்கட்டை எழும்பியது.

தண்ணீரிலிருந்து ஒரு முழம் மேலே போய்விட்டது. வள்ளம் வலப்பக்கம் சாய்ந்தது. முன்னாலிருந்த இருவரும் "மாதாவே!" என்று கத்தினார்கள். மிக்கேல் துடுப்பைப் போட்டுவிட்டு ஒரே தாவில் பின்கம்பில் ஓடிக் கட்டையின்மேல் போய் நின்றான். கட்டை தண்ணீரில் அறைந்து படிந்தது. வள்ளம் நிமிர்ந்தது. மிதவையில் உரசாமல் சுற்றியது. அவன் மறுபடி தன் இடத்துக்கு வந்து துடுப்பை எடுத்துவிட்டான். எல்லாம் நாலு துடுப்பு வலிக்கிற நேரம்தான்.

நாலாவது விதி. நான் கொடியைத் தூக்கினேன்.

மிக்கேல் முதலாவதாகப் பாலத்தைத் தொட்டான். ஜனங்கள் அவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். பின்னால் சிவப்புக் கொடியோடு எங்கள் லாஞ்சு வந்ததைப் பார்த்ததும் தோளிலிருந்து இறக்கினார்கள். பாலத்திலேயே சார் விசாரித்தார்.

"எங்க நின்னே?"

"முன்தளத்துல சார்."

"என்ன பார்த்தே?"

"மிக்கேல் எழும்பிக் கட்டைக்குப் போனான் சார்."

"கை எங்க இருந்தது?"

"கொடியில சார்."

எழுதிக்கொண்டார். மிக்கேலிடம் திரும்பினார். உடம்பெல்லாம் தண்ணீர் சொட்ட நின்றவன், "தாவுனது நெசந்தான் சார்" என்றான். என்னைப் பார்க்கவில்லை. குலசேகரன்பட்டினத்து வள்ளம் ஜெயித்ததாக அறிவித்தார்கள். அதன் தலைவர் சண்முகம் நம்ப முடியாமல் வாயைத் திறந்தபடி நின்றார்.

கூட்டத்தில் ஒரு கடைக்கார அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொந்தத் தங்கச்சி மாப்பிள்ளைக்கே கொடி தூக்கிட்டீரே வே! நீருதான் மனுசன்!" யாரோ ஒரு மாலையைக்கூடப் போட்டுவிட்டார்கள். வாழ்நாளில் யாரையும் பாராட்டாத ராமசுப்பு சார் என் தோளில் இரண்டு தடவை தட்டினார். துக்கம் ஒரு பக்கம் இருந்தாலும், அந்தத் தட்டல் எனக்கு இனிக்கத்தான் செய்தது.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனேன். அடுப்பு பற்றவைக்கவில்லை.

"வாருங்க நீதிபதி ஐயா" என்றாள் லூர்து. "மாலைய எங்க வச்சிட்டு வந்திய? போட்டுக்கிட்டு வந்தா பிள்ளைகளும் பாக்கும்லா."

"ஏளா, விதின்னு ஒண்ணு இருக்கில்லா..."

"அவன வையாத லூர்து" என்றான் மிக்கேல். "நான் தாவுனேன், அவன் தூக்குனான். அதுல தப்பில்ல." பிறகு நல்ல காது என் பக்கம் வருகிற மாதிரி திரும்பி உட்கார்ந்தான். "மச்சான், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த அலை எங்கருந்து வந்துச்சு?"

"எந்த அலை?"

"காத்து கிடையாது. தண்ணி தூங்குது. இடது பக்கத்துலருந்து ஒரே ஒரு அலை வந்து கட்டையத் தூக்குது. எனக்கு அந்தப் பக்கம் காது கேக்காது. ஒன் லாஞ்சு அந்தப் பக்கம்தான நின்னுச்சு?"

"நின்ன எடத்துலதான் மாப்ள நின்னுச்சு."

"நகரலையே?"

"மாதா சத்தியமா நகரல."

அவன் தலையை ஆட்டினான். "அப்ப கடல்தான் தந்துருக்கு" என்றான்.

பிள்ளைகளே, நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஒற்றை அலை என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராகக் காசிம் பாயைத் தேடிப் போனேன். டீக்கடையில் இருந்தார்.

"பாய், நேத்து மிதவையில நம்ம லாஞ்சு நகந்துச்சா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன வே கேக்கீரு? நகத்தச் சொன்னதே நீருதான?"

"நானா? நான் வாயத் தொறக்கலையே!"

"வாய எங்க தொறந்தீரு? இடது கைய நீட்டி 'முன்னால, முன்னால'ன்னு ஆட்டுனீரு. நான் ஒரு முடுக்கு முடுக்குனேன். அப்பறம் உள்ளங்கையக் காட்டுனீரு. நிப்பாட்டிட்டேன். வழக்கமாச் செய்யுததுதான?"

டீ கிளாஸ் என் கையில் இருந்தது. சூடு தெரியவில்லை.

முன்தளத்தில் நிற்கிறவன் கையைக் காட்டுவான், கீழே இருக்கிறவர் லாஞ்சை எடுப்பார். தோணிகளை இழுக்கிறபோது ஒரு நாளைக்கு நூறு தடவை அப்படிக் காட்டுவேன். வெயில் கூசியது, சரியாகத் தெரியவில்லை, என் கை தானாகப் போயிருக்கிறது. மிக்கேல் கட்டைக்குப் போன மாதிரியே. அவன் உரசினால்கூட விடக்கூடாது, நேர்மையாகப் பார்க்க வேண்டும் என்று நான் இடுக்கிப் பார்த்த பார்வைதான் அந்த அலையை எழுப்பியது. அலையை அனுப்பியவனும் நான், கொடியைத் தூக்கியவனும் நான். அதற்கு ஒரு மாலை. காசிம் பாய் என் தோளைப் பிடித்து உலுக்கி, "ஓய், என்ன ஆச்சு? ஓய்!" என்று கேட்டது கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது.

திங்கட்கிழமை காலை அலுவலகம் திறக்கும்போதே போய் நின்றேன். வராந்தாப் பெஞ்சில் சண்முகம் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை போட்டு, விபூதி பூசி, மடியில் ஒரு துணி மூட்டை. கையெழுத்துப் போட வந்திருந்தார். நான் உள்ளே போய்ச் சாரிடம் சொன்னேன். கதவு திறந்துதான் இருந்தது.

சார் எல்லாவற்றையும் கேட்டார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். சனிக்கிழமை எழுதிய தாளைத் தேடி எடுத்து வாசித்தார். "கை கொடியில்" என்று சத்தமாக வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மத்த கை?"

"முன்னால எடுன்னு காட்டிச்சு சார்."

அவர் முகம் வெளுத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன். "நான் ஒரு கையத்தான் கேட்டிருக்கேன்" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். "இத்தன வருஷமும் ஒரு கையத்தான் கேட்டிருக்கேன்."

சண்முகம் வாசலில் வந்து நின்றார். "சார், நானும் சொல்லணும். எங்க வள்ளமும் ஆடிச்சு. நாங்க பின்னால வந்ததால தப்பிச்சோம். நான் போயிரட்டுமா சார்?"

"நீ எங்கயும் போக வேண்டாம். உக்காரு" என்றார் சார். பிறகு என்னிடம், "அவன் எழும்புனான். விதி விதிதான். ஜெயிச்சது இவன்தான். இவன்கிட்டருந்து வேலையப் பிடுங்க எனக்கு அதிகாரம் இல்ல" என்றார்.

"அப்ப என் இடத்த மிக்கேலுக்குக் குடுங்க சார். நான் போயிருதேன்."

"வேலை என்ன உன் சட்டையா, கழட்டி அடுத்தவனுக்கு மாட்ட?" முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "ஆறு மாசம் கரையில வேலை பாரு. லாஞ்சுல ஏறக் கூடாது. அடுத்த இடம் காலியானா மிக்கேலக் கூப்பிடுதேன்."

அங்கேயே, என் கண் முன்னாலேயே, விதித்தாளை எடுத்து அடியில் ஏழாவதாக ஒரு விதியைப் பென்சிலால் எழுதினார். அதைத்தான் நீங்கள் வாசித்துச் சிரித்தீர்கள்.

அடுத்த இடம் காலியாக மூன்று வருஷம் ஆனது. மிக்கேல் காத்திருக்கவில்லை. அவனால் முடியாது. அந்தப் பருவமே சங்கு குளிக்கப் போனான். நான் கடற்கரையில் அவன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "பிள்ள பொறந்துருக்கு மச்சான்" என்றான். பருவம் முடிவதற்குள் வலது காதும் போய்விட்டது. அந்த மூன்றாவது பிள்ளையின் குரலை அவன் ஒரு வருஷம்கூடக் கேட்கவில்லை. மூன்று வருஷம் கழித்துச் சார் சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஆள் அனுப்பினார். எஞ்சின் சத்தமும் கூப்பிடுகிற சத்தமும் கேட்காதவனை லாஞ்சில் எப்படி ஏற்றுவது? கரையில் வலை காயப்போடுகிற இடத்தில் காவல் வேலை பார்த்துப் பிழைத்தான்.

சண்முகம் அண்ணாச்சி முப்பது வருஷம் என்னோடு லாஞ்சில் வேலை பார்த்தார். தங்கமான மனிதர். ஆனால் அவர் முதல் நாள் லஸ்கர் சட்டை போட்டுக்கொண்டு ஏறியபோது, கரையில் நின்ற நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். பிறகு நான் சாரங்கு ஆனேன், லாஞ்சையே ஓட்டினேன். எத்தனையோ புயல் பார்த்தேன், ஆட்களை மீட்டேன். டீச்சர் அதையெல்லாம் எழுதச் சொன்னாள். அதை இன்னொருவர் எழுதலாம்.

லூர்து என்னோடு பேச இரண்டு வருஷம் ஆனது. மிக்கேலிடம் நான்தான் போய்ச் சொன்னேன், லாஞ்சு நகர்ந்தது என்று. அப்போது அவனுக்கு ஒரு காது இருந்தது. கேட்டான். "அப்ப கடல் இல்ல" என்றான். அவ்வளவுதான்.

அடுத்த வருஷப் போட்டியிலும் மிதவையில் என்னையே நிறுத்தினார் சார். நங்கூரம் போட்டு, எஞ்சினை அணைத்து, கொடிக் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். விரல் மரத்துப்போகிற அளவு பிடித்திருந்தேன். போட்டி முடிந்து லாஞ்சு பாலத்துக்கு வந்தபோது, கூட்டத்துக்கு முன்னால் மிக்கேல் நின்றிருந்தான். அவனுக்கு யாரோ விதியைச் சைகையில் சொல்லியிருக்க வேண்டும். என்னைப் பார்த்து, கம்பைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினான்.

அதன்பிறகு தெருவில், கோயிலில், கல்யாண வீட்டில், எங்கே கண்டாலும் அவன் எனக்கு வணக்கம் வைப்பது அப்படித்தான். காட்டிவிட்டுச் சிரிப்பான். குத்திக்காட்டினானா, மன்னித்தானா, நான் கேட்டதில்லை. கேட்டாலும் அவனுக்குக் கேட்காது. சாகிறவரை அப்படித்தான் காட்டினான். நானும் அவனைக் கண்டதும், கையில் என்ன இருந்தாலும் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் காட்டுவேன்.